தொரை தொட்ட சூலம்

என் அக்கா ரெங்கம்மாவின் புருஷன் இராமையாவைப் பற்றி ஊசிமலைத் தோட்டத்தில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரன் சண்டையில் படகு ஓட்டிய பெரிய தைரியசாலி என்று ஒரு பேச்சு. பிள்ளைத்தாச்சிப் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடிப்போன கல்நெஞ்சுக்காரன் என்று இன்னொரு பேச்சு. பேசுகிறவர்கள் வாயில் மண்ணைப் போட. நடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான் இருக்கிறேன். பொறுமையாகச் சொல்ல எனக்கு வராது, ஆனாலும் சொல்கிறேன்.

என் பெயர் நல்லம்மா. ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் தொழிற்சாலையில், தூளில் கிடக்கும் காம்பு பொறுக்குவது என் வேலை. என் மச்சான் இராமையா அதே ஸ்டோரில் இஞ்சின் ஓட்டுகிறவர். கொஸ்லந்தைப் பக்கத்து மலையில் எங்கள் ஸ்டோர் சத்தம் கேட்டுத்தான் பல லயங்களில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், அடுப்புப் பற்ற வைப்பார்கள். அந்தச் சத்தம் ஒரு நாள் தப்பியதில்லை என்றால் அது மச்சானால்தான். அதிகம் பேசமாட்டார். சிரிப்பும் கொஞ்சம் கஞ்சத்தனம்தான். அக்காவிடம் மட்டும் நிறையப் பேசுவார் என்று அவள் சொல்வாள், நான் நம்பியதில்லை.

இஞ்சின் அறை மூலையில் ரோதை முனி இருக்கிறார். ரோதை என்றால் எங்களுக்கு மெஷின் சக்கரம். அதில் யார் கையும் காலும் போய்விடாமல் காக்கிற சாமி. சிலை எல்லாம் கிடையாது. தரையில் நட்ட ஓர் இரும்புச் சூலம், மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம், அவ்வளவுதான். தோட்டத்தில் திருட்டு, சண்டை, சந்தேகம் எது வந்தாலும் கடைசியில் அந்தச் சூலத்துக்கு முன்னால்தான் தீரும். சூலத்தைத் தொட்டு ஒரு சொல் சொல்லிவிட்டால் அது கட்டுப்பட்ட சொல். அதை அவிழ்க்க வேண்டுமானால் யாருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தோமோ அந்த ஆள் வந்து, அதே சூலத்தைத் தொட்டு, "விட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவிழ்க்காமல் மீறினால் முனி மீறியவனைத் தொடாது, அவன் பிள்ளையைத்தான் கேட்கும். இது ஊசிமலையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

தொரைக்கும் தெரியும். அதை மறந்துவிடாதீர்கள்.

தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரனை, எங்கள் பெரிய தொரையை, சுருட்டுத் தொரை என்போம். வாயில் சுருட்டு இல்லாமல் அவனை அவன் தாய்க்கே அடையாளம் தெரியாது. அவன் மட்டக்களப்பு வாவியில் ஒரு மோட்டார் படகு வைத்திருந்தான். வருஷத்துக்கொரு தடவை பதுளை, பசறை வழியாக வண்டி கட்டிக்கொண்டு வாத்து சுடப் போவான். படகின் இஞ்சினை ஓட்ட மச்சானையும் கூட்டிப் போவான். அந்த இஞ்சின் ஒரு முரண்டு பிடித்த சரக்கு. விளக்கு வைத்து அதன் தலையைச் சூடாக்கினால்தான் கிளம்பும். மச்சான் தோட்டத்துக் கொல்லனிடம் விரல் நீளத்தில் ஒரு சூலம் அடித்து வாங்கி, படகு இஞ்சினுக்குப் பக்கத்தில் பலகையில் அறைந்து வைத்திருந்தார். ரோதை எங்கே ஓடினாலும் அது முனியின் ரோதைதான் என்பது அவர் கணக்கு. தொரை சிரித்தான், ஆனால் பிடுங்கச் சொல்லவில்லை.

சண்டை வந்த வருஷம் அக்கா மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று இருவரும் முனிக்கு வேண்டிக்கொண்டார்கள். பிள்ளையின் முதல் முடி முனிக்கு. மூன்றாம் வருஷம், அப்பன் மடியில் உட்கார வைத்து, சூலத்துக்கு முன்னால் முடி எடுக்க வேண்டும்.

அப்போது எம்டன் என்ற ஜெர்மன்காரன் கப்பல் கடலில் திரிகிறது, கொழும்பைச் சுடப்போகிறது என்று ஒரே நடுக்கம். மோட்டார் படகு வைத்திருக்கிற தொரைமார் எல்லாரும் படகைச் சண்டைக்குக் கொடுங்கள் என்று கவர்மெண்டு கேட்டது. சுருட்டுத் தொரைக்குத் தலைகால் புரியவில்லை. படகைக் கொடுத்தால் அவனுக்கும் கடற்படை உடுப்பாம், தொப்பியாம், தோளில் தங்கக் கயிறாம். ஆனால் படகை ஓட்ட அவனுக்குத் தெரிந்தால்தானே!

ஒரு காலை, வேலை மும்முரத்தில் ஸ்டோருக்குள் வந்தான். நாங்கள் காம்பு பொறுக்குகிற இடத்திலிருந்து இஞ்சின் அறை நன்றாகத் தெரியும்.

"ராமையா, நம்ம படகு இனிமே ராஜாவோட படகு. நீயும் நானும் போறோம்" என்றான்.

மச்சான் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "தொரை, வீட்டுல மாசமா இருக்கா. இது முனிக்கு வேண்டிக்கிட்ட பிள்ளை. மூணாம் வருசம் நான் மடியில வச்சு முடி எடுக்கணும்."

"மூணாம் வருசமா! ஆறு மாசத்துல சண்டை முடிஞ்சிரும். நானும் படகுலதான் இருப்பேன். கூட்டிட்டுப் போற நானே கூட்டிட்டு வர்றேன்."

"அப்படின்னா முனியைத் தொட்டுச் சொல்லுங்க தொரை."

எங்கள் கை அப்படியே நின்றுவிட்டது. தொரையிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. தலைக் கங்காணி இருமினார். தொரை ஒரு நொடி மச்சானைப் பார்த்தான். பிறகு சுருட்டை வாயிலிருந்து எடுத்தான், தொப்பியைக் கழற்றினான், நேராகப் போய்ச் சூலத்தில் கை வைத்தான். "ராமையாவை நான் கூட்டிட்டுப் போறேன். நானே கூட்டிட்டு வருவேன்."

அதோடு விட்டிருந்தால் நானும் அவனை இவ்வளவு திட்டமாட்டேன். கையை எடுத்துவிட்டு மச்சானிடம் திரும்பினான். "இப்ப நீ தொடு. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் படகை விட்டுப் போகமாட்டேன்னு எனக்குச் சொல்லு."

மச்சான் தொட்டார். சொன்னார்.

அப்புத்தளை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அக்காவிடம் சொன்னது இது ஒன்றுதான்: "நான் வராம பிள்ளை தலையில கத்தி வைக்காதே, ரெங்கு." அக்கா தலையாட்டினாள். அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று அடக்கிக்கொண்டு நின்றாள். நான் இருவருக்கும் சேர்த்து அழுதேன்.

கொழும்பில் நடந்தது மச்சான் பின்னால் சொல்லித் தெரிந்தது. மட்டக்களப்பிலிருந்து கப்பலில் வந்த படகுக்குச் சாம்பல் நிறம் அடித்து, மூக்கில் ஒரு சின்னத் துப்பாக்கியை முடுக்கி, துறைமுக வாசலில் காவலுக்கு விட்டார்கள். வருகிற கப்பலையெல்லாம் மறித்து, யார், எங்கிருந்து என்று கேட்கிற வேலை. தொரை புது உடுப்போடு முன்னால் நிற்பான். மச்சான் பின்னால் இஞ்சினோடு. எம்டன் வேறெங்கோ அடிபட்டுக் கரை ஒதுங்கிப்போன பிறகு அந்தக் காவலுக்கு வேலையில்லை. படகை அரபு தேசத்துப் பஸ்ராவுக்கு அனுப்பு, அங்கே ஆற்றில் காயம்பட்டவர்களை ஏற்றி இறக்கப் படகு போதவில்லை என்று உத்தரவு வந்தது.

பெரிய கப்பலின் மேல்தட்டில் படகைத் தூக்கி வைத்தார்கள். மச்சான் படகுக்குள்ளேயே படுக்கையை விரித்தார். கப்பல் கிளம்புகிற அன்று தொரை வந்தான், கடற்படை உடுப்பு இல்லாமல். "எனக்குக் காய்ச்சல், ராமையா. நீ முன்னால போ. அடுத்த கப்பல்ல வர்றேன்."

காய்ச்சல்காரன் வாயில் சுருட்டு புகைந்தது. மச்சான் அதைக் கவனித்தார். கவனித்தும் என்ன செய்ய? படகை விட்டு இறங்கக் கூடாது என்று அவர் சூலத்தைத் தொட்டிருக்கிறார்.

இங்கே தோட்டத்தில் ஒரு நாள் காலை, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிற்கிறோம். குதிரையில் தொரை வருகிறான். அக்கா நிறை வயிற்றோடு வரிசையை விட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

"தொரை, அவரு எங்க?"

"வருவான். அடுத்த மாசம் நான் போய்க் கூட்டிட்டு வருவேன். போ, வேலையைப் பாரு."

அந்த அடுத்த மாசம் என்கிற சொல்லை நாங்கள் எத்தனை தடவை கேட்டோம் என்று எண்ணினால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

பெண்பிள்ளை பிறந்தது. முனியம்மா என்று பெயர் வைத்தோம். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் இது நின்றது. நிற்க மட்டுமா, லயத்து வாசலில் கோழியைத் துரத்தியது, என் முக்காட்டைப் பிடித்து இழுத்தது, மழையில் ஆடியது. முடி மட்டும் அப்படி வளர்ந்தது. ஒரு வயதில் கழுத்துக்கு வந்தது, இரண்டில் முதுகுக்கு. அக்கா தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, ஒற்றைச் சடை போடுவாள். லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, அடுத்த காம்பராக் கருப்பம்மா கேலி செய்வாள்: "ஏண்டி ரெங்கம்மா, இது முனியம்மாவா, முனியேதானா? முடியைப் பாத்தா எனக்கே கும்பிடணும்போல இருக்கு!"

"கும்பிட்டுக்க. அதுங்கப்பா வந்து எடுக்கிற வரைக்கும்தான்" என்பாள் அக்கா. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

தொரைக்குக் கொண்டாட்டம். பண்டாரவளையில் தொரைமார் கூடி அவனுக்கு விருந்து வைத்தார்களாம். ராஜாவுக்குப் படகு கொடுத்த மகராசன்! சட்டையில் குத்திக்கொள்ள ஏதோ ஒரு பட்டையும் வந்தது. ஸ்டோருக்குள் அதையும் குத்திக்கொண்டு வந்தான். இஞ்சின் அறைப் பக்கம் மட்டும் போகமாட்டான்.

பிள்ளைக்கு மூன்றாம் வருஷம் பிறந்த சமயம், பதுளையிலிருந்து ஹாஷிம் என்று ஒரு முஸ்லிம் ஆள் எங்கள் லயத்தைத் தேடி வந்தார். பஸ்ரா போய் வருகிற கப்பலில் சமையல் வேலையாம். மச்சானை அங்கே பார்த்திருக்கிறார்.

"ஆளு நல்லா இருக்காரு தங்கச்சி. மெலிஞ்சு போயிட்டாரு, அவ்வளவுதான். ராத்திரி பகல் பாக்காம அடிபட்ட சோல்ஜர்மாரை ஏத்தி எறக்குறாரு. அவரோட போன ஆளுங்களுக்குத் தவணை முடிஞ்சு ஊருக்கு அனுப்பிட்டாங்க. அவரையும் போகச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டாரு. எங்க தொரை வந்து கூப்பிடணும்கிறாரு. உங்க தொரை தோட்டத்துல பந்து அடிச்சுக்கிட்டிருக்கான்னு பதுளையே பேசுது, வாய்யா எங்க கப்பல்லன்னு நானே கையைப் புடிச்சு இழுத்தேன். அசையல."

அக்கா அதிர்ந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள். "அண்ணே, நீங்க மறுபடி அங்க போவீங்களா?"

"பத்துப் பதினஞ்சு நாள்ல கப்பல் எடுக்கும்."

"தொரை சொல்லை அவுத்துட்டாருன்னு நீங்க போய்ச் சொன்னா வந்துருவாரா?"

"ஆணையா அவுத்தாரான்னு கேப்பாரு. எம் மொகத்தைப் பாத்தே கண்டுபுடிச்சிருவாரு. பொய் சொல்லச் சொல்லாதே தங்கச்சி."

அன்றைக்கே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அக்கா பங்களாவுக்குப் போனாள். நானும் போனேன். வராந்தாவுக்கு வெளியே நின்றோம். அக்கா மண்ணில் விழுந்து கும்பிட்டாள். பிள்ளையும் விளையாட்டு என்று நினைத்துப் பக்கத்தில் விழுந்து கும்பிட்டது.

"தொரை, நீங்க பஸ்ரா போக வேணாம். ஸ்டோருக்கு வந்து சூலத்தைத் தொட்டு, விட்டேன்னு ஒரு சொல்லு சொல்லுங்க போதும். பிள்ளைக்கு மூணாம் வருசம் வந்துருச்சு. அவரு வந்து முடி எடுக்கணும். எடுக்கலேன்னா முனிக்குக் கடன் நிக்கும். பிள்ளைக்கு ஆகாது தொரை."

பங்களாவிலிருந்து ஸ்டோர் கூப்பிடு தூரம். இறங்கி வந்து ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பினால் அவன் டீ கூட ஆறியிருக்காது. ஆனால் வந்தால், நான் போகவில்லை, இனிமேலும் போகமாட்டேன் என்று எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகும். பட்டை குத்திய நெஞ்சு அதற்கு ஒப்புமா?

"என்ன பேசுறே நீ? நானே அடுத்த கப்பல்ல போறேன். உத்தரவு வந்துருச்சு. முடி எடுக்கிறதுக்கு அவன் இங்க இருப்பான்" என்றான்.

உத்தரவு! நாசமாய்ப் போக. அக்கா அதை நம்பினாள். திரும்பி வருகிற வழியில் முகம் மலர்ந்து பிள்ளையிடம், "அப்பா வர்றாங்கடி" என்றாள். ஹாஷிம் வெறும் கையோடு கப்பலேறினார்.

மாதங்கள் போயின. எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நீயே மடியில வச்சு எடுத்துரு. முனிக்குப் புரியாதா?" என்றேன்.

"அவரு வராம கத்தி வைக்காதேன்னு சொல்லிட்டுப் போனாருடி."

"அவரு சொன்னாரு, தொரை சொன்னான், எல்லாரும் சொன்னாங்க. பிள்ளைக்காக யாரு பேசுறது?"

"தொரை உத்தரவு வந்துருச்சுன்னாரே. இன்னைக்கு நான் எடுத்து, நாளைக்கு அவரு வந்து நின்னா, எந்த மொகத்தை வச்சுக்கிட்டு பாப்பேன்?"

தொரை மட்டும் அன்றைக்கு, "போகமாட்டேன்" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அழுதுவிட்டு அடுத்த வெள்ளிக்கிழமையே முடி எடுத்திருப்பாள். எனக்கு அவளைத் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசியில் மலை முழுக்க ஒரு காய்ச்சல் வந்தது. லயத்துக்கு லயம் ஆள் விழுந்தது. எழுந்து நடக்கிறவர்கள் படுத்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினோம். பறிக்க ஆளில்லாமல் கொழுந்து செடியிலேயே முற்றிப்போனது. முனியம்மா விழுந்தபோது நானும் காய்ச்சலில்தான் கிடந்தேன். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு ஓடி, சூலத்துக்கு முன்னால் போட்டு, "இப்பவே எடுத்துர்றேன், இப்பவே எடுத்துர்றேன்" என்று கத்தியிருக்கிறாள். கத்தி தேடிப் போன ஆள் வருவதற்குள் பிள்ளை போய்விட்டது.

புதைக்கும்முன் அக்கா அந்த முடிக்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னினாள். அவசரப்படவில்லை. சிக்கு எடுத்து, வகிடு எடுத்து, இழுக்காமல் பின்னினாள். யாரும் அவளை எழுந்திரு என்று சொல்லவில்லை. என் கண் அதைப் பார்த்ததற்கு அன்றைக்கே அவிந்து போயிருக்கலாம்.

சண்டை முடிந்து அடுத்த வருஷம் மச்சான் வந்தார். படகு ஆற்றங்கரையில் பிளந்து, பலகை பலகையாக உடைத்து அடுப்புக்குப் போய்விட்டதாம். படகே இல்லாமல் போன பிறகு விட்டுப் போவதற்கு என்ன இருக்கிறது என்று, பலகையில் அறைந்திருந்த அந்தச் சின்னச் சூலத்தை மட்டும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அப்புத்தளையில் இறங்கி நடந்தே வந்தார். எங்களுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, பாதித் தலை நரைத்திருந்தது.

வாசலில் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து நின்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ரெங்கு, முடி எடுக்கலையே? நான் சொன்ன மாதிரி வச்சிருக்கியா?"

அக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வச்சிருந்தேங்க. அப்படியே வச்சிருந்தேன். சடை பின்னித்தான் பொதைச்சேன்."

மச்சான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் பொங்கியது. "தொரை வரமாட்டான்னு ஹாஷிம் அண்ணன் வந்து சொல்லியும் எதுக்கு மச்சான் அங்கேயே கெடந்தீங்க? அவன் மறந்த சொல்லுக்கு நீங்க எதுக்கு காவல் இருந்தீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"அவன் வரமாட்டான்னு கப்பல் ஏறுன அன்னைக்கே எனக்குத் தெரியும் நல்லம்மா" என்றார். "நான் சொல்லை மீறுனா முனி பிள்ளையைக் கேக்கும். நான் அங்க இருந்தா பிள்ளை இங்க இருக்கும்னுதான் இருந்தேன்."

அக்கா அப்போதுதான் ஓவென்று அழுதாள். அவர் வந்தால் கேட்க வேண்டும் என்று அவள் பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்வியெல்லாம் என்ன ஆனது என்று தெரியவில்லை. பிள்ளைக்காக அவர் வரவில்லை, பிள்ளைக்காக இவள் முடி எடுக்கவில்லை. இனி யாரை யார் கேட்பது?

மறுநாள் தொரை ஸ்டோருக்கு வந்தான். சீமைக்குத் திரும்பிப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். மச்சானைக் கண்டதும் கையை விரித்துக்கொண்டு வந்தான்.

"ராமையா! வந்துட்டியா! எம் படகு எங்க?"

இஞ்சின் அறை வாசலில் மச்சானும் அக்காவும் நின்றார்கள். மச்சான் மெதுவாகக் கேட்டார்: "தொரை, நீங்க முனியைத் தொட்டீங்களே."

தொரைக்கு முதலில் ஞாபகம் வரவில்லை. வந்ததும் சிரித்தான். அவர் தோளைத் தட்டினான். "அட, அதுவா! அது ஒன் சாமி, ராமையா. எஞ் சாமி இல்லையே."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் சாமி இல்லை என்றால், மச்சானை எதற்காகத் தொடச் சொன்னான்? அவனுக்கு அது இரும்பு, இவருக்கு அது விலங்கு என்று தெரிந்துதானே சொன்னான்? பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்து எங்களிடம் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அக்கா உள்ளே போய்ச் சூலத்துக்கு முன்னால் நின்றாள். விழுந்து கும்பிடவில்லை. இஞ்சின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"தொட்டுட்டு மறந்தவன் அந்தா போறான். மறக்காம இருந்தது நாங்க ரெண்டு பேரு. ஒனக்கு ஆளு அடையாளம் தெரியலையா? வெள்ளைக்காரன்னா ஒனக்கும் பயமா?"

தலைக் கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மச்சான் மடியை அவிழ்த்தார். பஸ்ராவுக்குப் போய் வந்த அந்த விரல் நீளச் சூலத்தை எடுத்து, இஞ்சின் அறைக்கு வெளியே உடைந்த பல்சக்கரமும் தேய்ந்த போல்ட்டும் கிடக்கிற பழைய இரும்புக் குவியலில் போட்டார். பிறகு திரும்பி வந்து, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு இஞ்சின் பக்கம் போனார்.

அவர் இன்றைக்கும் ஸ்டோரில் இஞ்சின்தான் ஓட்டுகிறார். மூலையில் சூலம் இருக்கிறது, மற்றவர்கள் எலுமிச்சம்பழம் குத்துகிறார்கள். இவர்கள் இருவரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அதற்காக ரோதை ஒரு நாளும் நிற்கவில்லை.